வீடு தேடுபவரின் முதல் கேள்வி

நாளிதழ் வரி விளம்பரத்தில் ஒவ்வொரு வரிக்கும் காசு. அதனால் சென்னைக்காரர்கள் ஒரு முழு வீட்டை நாலு வரிக்குள் சொல்லக் கற்றிருந்தார்கள். மேற்கு மாம்பலம், மாடி போர்ஷன், இரண்டு பெட்ரூம், போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், ஸ்டேஷன் பக்கம், டூ வீலர் நிறுத்தலாம், புரோக்கர் வேண்டாம். கடைசியில் ஒரு போன் நம்பர். 'ரம்மியமான சூழல்', 'கனவு இல்லம்' என்றெல்லாம் எழுத அங்கே இடமில்லை. குடிவர நினைப்பவர் வாசலில் நின்று முதலில் என்ன கேட்பாரோ, அதற்கான பதில் மட்டுமே அந்த நாலு வரியில் இருந்தது. மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்ற பேட்டை வார இதழ்களும் இதே பாணியில் வீடுகளைச் சேர்த்துக் கொடுத்தன.

மீதி விவரம் புரோக்கரிடம். டீக்கடை பெஞ்சிலோ பெட்டிக்கடை ஓரத்திலோ அவரைப் பிடித்துவிடலாம். கையில் ஒரு பழைய டயரி இருக்கும். எந்தத் தெருவில் எந்த மாடி காலி, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், மே மாதத்தில் தண்ணீர் லாரி சந்துக்குள் வருமா, அட்வான்ஸ் பத்து மாதமா ஆறு மாதமா என்பதெல்லாம் பாதி டயரியில், பாதி அவர் நினைவில். அதற்கு அவர் வாங்கிய கூலி பெரும்பாலும் ஒரு மாத வாடகை.

வீடு, மனை இணையதளங்களைப் பயன்படுத்துவதை எப்படி எளிதாக்குவது என்ற பேச்சு வந்தால், பொத்தானின் நிறம், படத்தின் அளவு, பக்கம் திறக்கும் வேகம் என்று உரையாடல் போகிறது. இவை தேவைதான். ஆனால் இந்தத் தளங்களின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெளிவாகத் தெரியும். தேடுபவரின் அலைச்சலை நிஜமாகவே குறைத்த மாற்றம் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் டயரியில் பூட்டி வைத்திருந்த ஒரு பதிலைத் திரைக்குக் கொண்டுவந்த மாற்றம்.

பூட்டி வைத்த புத்தகம்

அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே தரகர்கள் தங்கள் சங்க அலுவலகங்களில் கூடி, யாரிடம் எந்தச் சொத்து விற்பனைக்கு இருக்கிறது என்று பட்டியலைப் பரிமாறிக்கொண்டார்கள். என் கையிலிருக்கும் வீட்டுக்கு நீ ஆள் கொண்டுவந்தால் கமிஷனில் உனக்கும் பங்கு என்பது ஒப்பந்தம். 1908-ல் சிகாகோவில் இந்தச் சங்கங்கள் ஒரு தேசிய அமைப்பாக இணைந்தன. இந்தக் கூட்டுப் பட்டியலுக்கு அங்கே எம்.எல்.எஸ். என்று பெயர். பிற்காலத்தில் அது டெலிபோன் டைரக்டரி கனத்துக்குப் புத்தகமாக அச்சாகி, குறுகிய இடைவெளியில் புதுப்பிக்கப்பட்டு, தரகர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. வாங்க வந்தவர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார். புத்தகம் தரகர் பக்கம் திறந்திருக்கும். அவர் புரட்டிச் சொன்னதுதான் ஊரில் உள்ள வீடு.

1995-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல், மறு வருஷம் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளமானது. வாடகை வீட்டு விளம்பரங்கள் அங்கே குவிந்தன. அதே 1996-ல் தரகர் சங்கத்தின் ரியல்டர்.காம் பொதுமக்களுக்குத் திறந்தது. புத்தகத்தின் ஒரு பகுதியாவது வெளியே வந்தது.

ஆனால் அந்தப் பக்கங்களில் தேடுவது எளிதாக இல்லை. மாநிலம், ஊர், விலை, படுக்கையறை எண்ணிக்கை என்று ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் பட்டியல் வரும். டெலிபோன் கம்பி வழி இணைப்பில் ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். ஒன்றும் பொருந்தவில்லையென்றால் படிவத்தை முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது எழுத்தில் மட்டும் இருக்கும். முகவரியை நகலெடுத்து, மேப்குவெஸ்ட் போன்ற வேறொரு தளத்தில் ஒட்டி, அச்செடுத்து, காரில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஒரு பக்கம் பட்டியல், ஒரு பக்கம் வரைபடம்

அப்படிக் கத்தை கத்தையாகத் தாளோடு வீடு தேடி அலைந்தவர்களில் ஒருவர் பால் ரேட்மேக்கர். டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனத்தில் வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வெளிவந்தது. அதுவரை இருந்த இணைய வரைபடங்களில் பக்கவாட்டில் நகர ஓர் அம்புக்குறியை அழுத்தினால் முழுப் பக்கமும் மறுபடி ஏற்றப்படும். கூகுள் மேப்ஸை மவுசால் பிடித்து இழுத்தால் போதும், நகர்ந்தது. ரேட்மேக்கர் அதன் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தானே பிரித்துப் பார்த்தார். கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரங்களில் இருந்த முகவரிகளை எடுத்து அந்த வரைபடத்தின் மேல் ஊன்றினார். 2005 ஏப்ரலில் ஹவுசிங்மேப்ஸ் பிறந்தது.

ஒரே திரை. வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு குறி, பக்கத்திலேயே அதே வீடுகளின் பட்டியல். ஊரையும் விலை வரம்பையும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறின. குறியைத் தொட்டால் வாடகையும் விவரமும் ஒரு சின்னக் குமிழில் விரிந்தன. அலங்காரம் என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. ஆபீஸிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் இன்னும் எத்தனை வீடு காலி, ஒரே நடையில் எந்த நாலு வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற கேள்விகளுக்கு ஒரு பார்வையில் பதில் கிடைத்தது. கூகுள் தன்னிடம் கேட்காமல் வரைபடத்தை எடுத்தவர்மேல் வழக்கு போடவில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் தளத்தில் வரைபடத்தைப் பயன்படுத்தும் வசதியை ஜூன் மாதமே அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது. ரேட்மேக்கரையும் பிறகு வேலைக்கு எடுத்துக்கொண்டது. இன்று வீட்டுத் தளமென்றால் வரைபடமும் பட்டியலும் அருகருகே இருந்தாக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டதென்றால், அந்த வழக்கத்தைப் பரவலாக்கியதில் இந்தத் தனிமனித முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த கேள்வி விலை. விற்பவர் சொல்லும் விலை நியாயமா? பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது? இதைத் தரகர்தான் சொல்ல வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டில் இருந்தவர்களும் எக்ஸ்பீடியா பயணத் தளத்தை உருவாக்கியவர்களுமான ரிச் பார்ட்டனும் லாயிட் ஃபிரிங்க்கும் 2006 பிப்ரவரியில் ஸில்லோவைத் திறந்தார்கள். அரசுப் பதிவேடுகளில் இருந்த விற்பனை விவரங்களையும் வரி விவரங்களையும் வைத்து, விற்பனைக்கே வராத வீட்டுக்கும் ஒரு மதிப்பீட்டுத் தொகையைத் திரையில் போட்டார்கள். திறந்த அன்றே கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது. தன் வீடு என்ன பெறும், அண்ணன் வீடு என்ன பெறும் என்று பார்க்க அவ்வளவு பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

புத்தகத்தைத் திறக்கும் போராட்டம் நீதிமன்றத்துக்கும் போனது. தரகர் ஒருவர் தன் பட்டியலை இணையத் தரகர்களின் தளத்தில் காட்டக் கூடாது என்று தடுக்க வழி செய்த விதிகளை எதிர்த்து, 2005-ல் அமெரிக்க நீதித்துறை தேசியத் தரகர் சங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. 2008-ல் சமரசம் ஏற்பட்டது. இணையத் தரகர்களை ஒதுக்கி வைக்கக் கூடாது என்று சங்கம் ஒப்புக்கொண்டது. வாங்குபவருக்குத் திரையில் முழுப் பட்டியல் தெரிவதற்கு, வடிவமைப்பாளரின் உழைப்போடு இப்படி ஒரு வழக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

எண்பது மீட்டருக்கு ஒரு நிமிஷம்

தேடுபவரின் கேள்வியை விதியாகவே எழுதி வைத்த நாடு ஜப்பான். அங்கே ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் வீட்டின் வாடகையைப் பாதி தீர்மானிக்கிறது. 'நிலையத்துக்கு அருகில்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் மனை, வீடு விளம்பரங்களுக்கான அந்தத் துறையின் நியாயப் போட்டி விதிகள் ஒரு கணக்கைக் கட்டாயமாக்கின. சாலை வழியாக 80 மீட்டர் தூரம் என்றால் ஒரு நிமிஷ நடை. மிச்சம் பத்து மீட்டர் இருந்தாலும் அதற்கு ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். பறவை பறக்கும் நேர்க்கோட்டுத் தூரம் செல்லாது. ரிக்ரூட் நிறுவனம் 1976-ல் தொடங்கிய வீட்டுத் தகவல் இதழிலிருந்து இன்றைய சுமோ தளம் வரை, வீட்டு விளம்பரங்களில் 'நிலையத்திலிருந்து நடந்து 7 நிமிஷம்' என்ற வரி தவறாமல் வருகிறது.

அந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. பல வீடுகள் கொண்ட பெரிய குடியிருப்பு என்றால் நிலையத்துக்கு மிக அருகிலிருக்கும் வீட்டின் தூரத்தை மட்டும் போட்டுவிட முடிந்தது. 2022 செப்டம்பரில் விதியைத் திருத்தி, விற்பனைக்கு வரும் அப்படிப்பட்ட குடியிருப்புகளில் மிகத் தொலைவிலிருக்கும் வீட்டின் நடை நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். கைமாறிப்போன வீட்டையோ, கொடுக்கும் எண்ணமே இல்லாத வீட்டையோ காட்டி ஆளை இழுக்கும் விளம்பரத்துக்கும் இந்த விதிகளில் தடை இருக்கிறது.

பிரிட்டனில் 2000-ல் நான்கு பெரிய முகவர் நிறுவனங்கள் சேர்ந்து ரைட்மூவ் தளத்தைத் தொடங்கின. சொத்து விளம்பரத்தில் பொய்யான விவரம் தருவதைக் குற்றமாக்கும் சட்டம் அதற்கு முன்பே, 1991-ல், அங்கே வந்துவிட்டது. தளம் பிறந்தபோதே எழுதுபவரின் கையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது.

கிரவுண்டா, சென்ட்டா, சதுர அடியா

இந்தியாவில் 99ஏக்கர்ஸ் 2005-லும், மேஜிக்பிரிக்ஸ் 2006-லும் வந்தன. 2012-ல், மும்பையில் குடியிருக்க வீடு கிடைக்காமல் திண்டாடிய ஐ.ஐ.டி. மாணவர்கள் சிலர் சேர்ந்து ஹவுசிங்.காம் தொடங்கினார்கள். வரைபடத்தையே முகப்பாக வைத்தார்கள். தங்கள் ஆட்களை வீடுகளுக்கு அனுப்பிப் படம் எடுத்துச் சரிபார்த்தார்கள். வரி விளம்பரத்தில் வந்த 'புரோக்கர் வேண்டாம்' என்ற வரியையே தொழிலாக்கி 2014-ல் பெங்களூருவில் நோபுரோக்கர் வந்தது.

நம் ஊருக்கென்றே சில வசதிகளும் தளங்களில் சேர்ந்தன. வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அவற்றில் ஒன்று. மனை அளவு இன்னொன்று. சென்னையில் கிரவுண்டு, கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சென்ட், அடுக்குமாடி என்றால் எங்கேயும் சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு மனை சென்ட் 8 லட்சம், இன்னொன்று கிரவுண்டு 40 லட்சம் என்று எழுதியிருந்தால் எது விலை குறைவு என்று சட்டென்று யாராலும் சொல்ல முடியாது. வகுத்துப் பார்த்தால் முதல் மனை சதுர அடி சுமார் 1,837 ரூபாய், இரண்டாவது 1,667 ரூபாய். இந்த வகுத்தலைப் பார்ப்பவர் தலையில் கட்டாமல் தளமே செய்து, இரண்டையும் ஒரே அலகில் அருகருகே காட்டினால், கிராமத்து நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் மனை வாங்க வருபவர் ஏமாற மாட்டார்.

அடுக்குமாடி வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் பங்கு போட்டுச் சேர்த்த 'சூப்பர் பில்ட் அப்' கணக்கில் 1,200 சதுர அடி என்று விளம்பரம் சொல்லும். சாவி வாங்கி உள்ளே போனால் கட்டில் போட இடம் தேட வேண்டும். 2016-ல் இயற்றப்பட்டு 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்பதை வரையறுத்தது. சுவருக்குள் புழங்கக்கூடிய இடம். உள் தடுப்புச் சுவர் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் மொட்டைமாடியும் சேராது. பதிவு பெற்ற திட்டம் என்றால், விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த எண்ணைத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவதற்கும், விலைக்குப் பக்கத்தில் போட்டு, தொட்டால் ஆணையத்தின் பக்கமே திறக்கும்படி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. கடன் வாங்கி முன்பணம் கட்டப்போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு தொடுகை மிகப் பெரிய பாதுகாப்பு.

சொந்த வீடு என்றால் தமிழ்நாட்டில் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வில்லங்கம் ஏதாவது உண்டா? ஒரு காலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கையெழுத்துப் பதிவேடுகளை அங்குள்ளவர்கள் புரட்டித் தேடும் வரை காத்திருந்து வாங்க வேண்டிய சான்று அது. இப்போது 2018-ல் செயல்பாட்டுக்கு வந்த பதிவுத்துறையின் புதிய தளத்தில் வில்லங்க விவரத்தையும் தெரு வாரியான கைடுலைன் மதிப்பையும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பட்டா, சிட்டா, புல வரைபடம் வருவாய்த்துறைத் தளத்தில் கிடைக்கின்றன. இவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம் என்பது பெரிய விஷயம். தனியார் தளங்களின் தேடல் பக்கங்கள் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் அரசுத் தளம் கேட்பது சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பவை. மனை வாங்க வருபவருக்குத் தெரிந்ததோ தெருப் பெயரும் கதவு எண்ணும். சென்னையில் அதிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பத்திர எழுத்தரும் புரோக்கரும் இன்றும் தேவைப்படுகிறார்கள். தனியார் தளம் ஒரு மனையை விளம்பரம் செய்யும்போதே விற்பவரிடமிருந்து சர்வே எண்ணையும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரையும் வாங்கிப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

யாருக்கு எளிது

வடிகட்டும் வசதி எல்லாக் கேள்விக்கும் வேண்டுமா என்பதும் இந்த வரலாற்றில் வருகிறது. அமெரிக்காவில் 1968-ம் ஆண்டின் நியாயக் குடியிருப்புச் சட்டம், இனமோ மதமோ பார்த்து ஆளை ஒதுக்கும் வீட்டு விளம்பரங்களைத் தடை செய்தது. அப்படிப்பட்ட விளம்பரங்கள் கிரெய்க்ஸ்லிஸ்டில் வந்தபோது சிகாகோ வழக்கறிஞர் குழு ஒன்று வழக்குத் தொடுத்தது. மற்றவர்கள் எழுதிப் போடும் விளம்பரத்துக்குத் தளம் பொறுப்பாகாது என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தளங்கள் தாங்களே எடுத்த முடிவுகளும் உண்டு. பகுதி வாரியான குற்றப் புள்ளிவிவரத்தைத் தன் பக்கங்களில் போடப்போவதில்லை என்று 2021-ல் ரெட்ஃபின் என்ற அமெரிக்க வீட்டுத் தளம் அறிவித்தது. அந்த எண்கள் முழுமையானவை அல்ல, நிறப் பாகுபாட்டுக்குத் துணைபோகும் என்பது காரணம்.

'சைவம் மட்டும்', 'பேச்சலருக்கு இல்லை' என்ற வரிகளும், எழுதாமலே போனில் கேட்கப்படும் சாதி, மதக் கேள்விகளும் தமிழ்நாட்டில் வீடு தேடிய பலருக்குப் பழகிப்போன அவமானம். அந்த நிபந்தனைகளை ஒரு சொடுக்கில் தேர்ந்தெடுக்கும் வசதியாகத் தளம் மாற்றினால், வீட்டுக்காரருக்கு எளிதாக இருக்கும். கதவு சாத்தப்பட்டவருக்கு அந்த நகரமே சுருங்கிவிடும்.

போன் எண்ணைக் கொடுத்தால் நிற்காமல் வரும் அழைப்புகளும் அப்படித்தான். ஒரு வீட்டின் வாடகையைப் பார்க்க ஓ.டி.பி. கேட்டு, அடுத்த நிமிஷமே முகம் தெரியாத பல பேருக்கு எண் போய்ச் சேர்ந்தால், அந்தப் பக்கம் தேடுபவருக்காகக் கட்டியதாக இருக்க முடியாது. முதலில் விவரம், பேச விருப்பமிருந்தால் எண் என்ற வரிசை வரி விளம்பரத்தில் இருந்தது. அந்த வரிசையைத் திரையிலும் கொண்டுவரலாம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வீடு பார்க்கப் போகிறவர்களின் முதல் கேள்வியே மாறிவிட்டது. தண்ணீர் எது வரை வந்தது? எதிர்வீட்டுக்காரர் சுவரைக் காட்டிச் சொல்வார். அயர்ன் கடைக்காரர் சொல்வார். அமெரிக்காவில் 2020-ல் ரியல்டர்.காம் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ள அபாய மதிப்பெண் போடத் தொடங்கியது. சென்னையில் அப்படி ஒரு மதிப்பெண்கூட வேண்டாம். எந்த வருஷம், எந்தத் தெருவில், தரைத்தளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று ஒரு வரி போதும். கைடுலைன் மதிப்பைத் தெரு வாரியாகத் திரையில் போட முடிந்த மாநிலத்தில் வெள்ள அளவையும் தெரு வாரியாகப் போட முடியும். அரசுத் தளம் அந்தத் தரவைத் திறந்துவிட்டால், தனியார் தளங்கள் அதைப் படத்துக்கும் வாடகைக்கும் பக்கத்திலேயே காட்டலாம்.